பின்னாலேயே ஓடும் டீசல் ரயில்

அன்புள்ள மைத்துனருக்கு, அத்தான் எழுதுவது. நானும் உங்கள் அக்காவும் நலம். மூன்று வருடமாக இந்த வீட்டு வாசலை மிதிக்காத நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

நிற்க. பல் பிடுங்கும் தொழிலை விட்டபின் பொழுது போகாமல், பழைய சாமான் கடையில் ஒரு குட்டி டீசல் பயணிகள் ரயில் வாங்கினேன். இரண்டே பெட்டி, வட்டமாகத் தண்டவாளம். கரண்ட் தண்டவாளத்தில் வருவதால், எப்படி வைத்தாலும் வட்டத்தில் ஒரே திசையில்தான் ஓடும். பொம்மை என்றதற்குக் கடைக்காரர் கோபித்துக்கொண்டார். நீங்கள் இருபத்தாறு வருடம் ஓட்டினீர்களே, அதே வண்டியின் அச்சு அசல் நகலாம். சாப்பாட்டு மேசையில் ஓடவிட்டால், பின்பக்கமாகவே ஓடுகிறது. ஒரு முனையில் வெள்ளை விளக்கு, மறுமுனையில் சிவப்பு. சிவப்புதான் முன்னால் போகிறது. விடுவேனா? வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அடிவயிற்றில் விட்டுப் பார்த்தேன், சக்கரத்தில் பழைய சொந்தக்காரரின் நரைமுடி சுற்றியிருந்தது, இடுக்கியால் எடுத்தேன், கூரையைக் கழற்றினேன், உள்ளே பதினெட்டுப் பயணிகள், ஒருவர் மட்டும் திரும்பி உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு யாரோடு மனஸ்தாபமோ என்று இரண்டு நாளாக அதே யோசனை. மோட்டாரைப் பிரித்து மாட்டியதில் ஒரு திருகாணி மிச்சம். இன்னமும் பின்னால்தான் ஓடுகிறது. மேசை ரயிலுக்குப் போனதால் உங்கள் அக்கா அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறாள், என்னோடு பேச்சில்லை.

அசல் வண்டியும் இப்படித்தானா? எஞ்சின் பெட்டிக்கு அடியிலா இருக்கும்? நீங்கள் நேரில் வந்து பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அந்தப் பல் விஷயத்தை மனதில் வைக்காதீர்கள். வலது பக்கம் வலிச்சா இடது பக்கம் பிடுங்கிட்டார்னு ஊரெல்லாம் சொன்னீங்க. அதுவும் சொத்தைதான் மாப்பிள்ளை, என்னிக்காவது வலிச்சிருக்கும், நான் முன்னாடியே பார்த்துட்டேன், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டாருக்கும் மீதிப் பற்களுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் அக்கா வந்தாள். "இந்த வண்டிக்கு ரெண்டு முனையிலயும் டிரைவர் ரூம் உண்டு. கடைசி ஸ்டேஷன்ல தம்பி இறங்கி நடந்து அந்தப் பக்கம் ஏறுவான், விளக்கையும் மாத்திப்பான். சாப்பாடு கொண்டுபோறப்ப எத்தனை தடவை பார்த்திருக்கேன். எந்தப் பக்கம்னு பார்க்காம கையை வைக்கிறதே உங்க வழக்கம்" என்று ரயிலைத் தூக்கித் திருப்பி வைத்தாள். வெள்ளை விளக்கு முன்னால் ஓடுகிறது. ஆகவே கோளாறு எதுவுமில்லை, நீங்கள் வந்து பார்க்கவும் ஒன்றுமில்லை. அந்தப் பல்லிலும் ஒன்றுமில்லை, மாப்பிள்ளை, நல்ல பல். இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. தப்பு என்னுடையது. சும்மாவாவது வாருங்கள்.