நாத்தனார் முடிச்சும் இரண்டு கார்டுகளும்

மனிதர்களில் ஒப்பீட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. மாப்பிள்ளையையும் மாட்டையும் ஒப்பிடுகிறவரைச் சொல்லவில்லை. அது நம் பக்கத்தில் வெகுகாலமாக நடப்பது. கம்ப்யூட்டரில் படம் தடங்கலின்றி ஓடுவதற்காக உள்ளே செருகுகிறார்களே கிராபிக்ஸ் கார்டு, அதில் பழையது எப்படி, புதியது எப்படி என்று பார்த்துக்கொண்டே வயதாகிறவரைச் சொல்கிறேன். கீரனூரில் அப்படி ஒருவர், கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறார். மறைப்பானேன், அது நான்தான்.

எங்களை அடையாளம் காண்பது சுலபம். திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் ஒருவர் கைபேசியை மூக்கருகே பிடித்திருப்பார். திரை நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பழைய கார்டு, வலப்பக்கம் புதிய கார்டு. இரண்டிலும் ஒரே கார், ஒரே சாலை, ஒரே மழை. மூலையில் நொடிக்கு எத்தனை படம் என்று ஓர் எண் ஓடும். கார் கவிழ்ந்தாலும் சரி, தீப்பிடித்தாலும் சரி, நம்மவர் கண் அந்த எண்ணை விட்டு நகராது. “தண்ணியப் பாத்தீங்களா, எவ்வளவு தத்ரூபமா இருக்கு!” என்று கீறல் விழுந்த அந்த உள்ளங்கையளவு திரையைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் நீட்டுவார். ஒருமுறை நான் அப்படி நீட்டியது கட்டுமாவடி மீன் வியாபாரி ஒருவரிடம். நிஜத் தண்ணீரைத் தினமும் பார்க்கிற மனிதர். “ரெண்டும் ஒண்ணாத்தாங்க தெரியுது” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அவருடைய ரசனையை நினைத்து ரொம்ப வருத்தப்பட்டேன்.

வாங்குவோமா என்றா கேட்கிறீர்கள்? அதெப்படி! “இப்ப வாங்கினா ஏமாளிங்க, அடுத்தது வருது” என்போம். அடுத்தது வந்ததும், “மொதல்ல வர்றதுல கோளாறு இருக்கும், கொஞ்சம் பொறுப்போம்” என்போம். கோளாறு சரியாவதற்குள் அதற்கும் அடுத்தது வருகிற சேதி வந்துவிடும். என் மனைவி அருணா ஒருநாள் சொன்னாள்: “நல்லவேளை, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்களுக்கு இந்தப் பழக்கம் இல்ல. இருந்திருந்தா இன்னமும் எங்க வீட்ல காப்பி குடிச்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க.”

இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன், திருமயம் செவந்தி அக்காவின் மகள் தேவிப்ரியா கல்யாண வீடியோ என் கைக்கு வரும்வரை.

மாப்பிள்ளை ரகுநாத்துக்குத் துபாயில் வேலை. வெள்ளிக்கிழமை விமானம். அதற்குள் இரண்டு வீட்டாரும் கூடி உட்கார்ந்து வீடியோ பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. “மாப்ள கெளம்புறதுக்குள்ள குடுத்துருங்க தம்பி” என்று அவர் சொன்னபோது என் மனம் அங்கே இல்லை. திருச்சி நண்பர் ஒருவர் புதிய கார்டு ஒன்றை இரவல் தந்திருந்தார். விடுவேனா? தாலி கட்டும் காட்சியை எடுத்து, அதன்மேல் ரோஜா இதழும் தங்கப்பொடியும் புகையும் கொட்டி, முதலில் என் பழைய கார்டில் ஓட்டி, பிறகு புதியதில் ஓட்டி, இரண்டையும் பதிவு செய்து, நடுவில் கோடு கிழித்து, மூலையில் எண்ணையும் ஓடவிட்டு, அருமையான ஓர் ஒப்பீடு தயாரித்தேன். பிறகு அவசர அவசரமாகக் கல்யாண வீடியோவைக் கோத்தபோது, முகூர்த்தம் வருகிற இடத்தில் அந்த ஒப்பீட்டையே சேர்த்துவிட்டேன். திரும்பப் பார்த்தேனா? எண்ணைத்தானே பார்ப்போம்!

புதன்கிழமை அக்காவிடமிருந்து போன். “தம்பி, ஒடனே கெளம்பி வாங்க.” குரலே சரியில்லை.

போனேன். கூடம் நிறையச் சம்பந்திகள். டிவியில் இரண்டு ரகுநாத், இரண்டு தேவிப்ரியா. வலப்பக்க மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டு விலக, மூன்றாவது முடிச்சை அவர் அக்கா செல்வராணி முறைப்படி போடுகிறார். இடப்பக்க மாப்பிள்ளையோ தாலியைப் பிடித்தபடி திக்கித் திக்கி நிற்கிறார். நாத்தனார் வருவதற்குள் காட்சி முடிந்து பந்தி தொடங்கிவிடுகிறது.

“இங்கிட்டு நான் முடிச்சுப் போடுறேன். அங்கிட்டு நான் இல்லவே இல்ல. என்னைய வெட்டி எடுக்கச் சொன்னது யாரு?” என்றார் செல்வராணி.

“நாங்க ஏன் ஆத்தா அப்படிச் சொல்லப் போறோம்?” என்றார் செவந்தி அக்கா. கண் கலங்கிவிட்டது.

“வீடியோவுக்குச் சொன்னது பொண்ணு வீடுதானே? நான் ஏர்போட்டுக்கு வரல.”

ரகுநாத் போன பிறகு தேவிப்ரியா இருக்கப்போவது மாமியார் வீட்டில். செல்வராணி வீடு அதற்கு அடுத்த வாசல். அந்தப் பெண் பேயறைந்தவள்போல் நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து உண்மையைச் சொன்னேன்: இடப்பக்கம் பழைய கார்டு, அது திணறியதால் வந்த கோளாறு, யாரும் யாரையும் வெட்டச் சொல்லவில்லை. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். “ஆனா வலப்பக்கம் பாருங்க, எதழு எப்படி வழுக்கிக்கிட்டு விழுது!” என்றும் சொல்லித் தொலைத்தேன்.

செல்வராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எதழு கெடக்கட்டும். ரெண்டு பக்கமும் எனக்கு முடிச்சு வேணும்.”

திரும்பி வருவதற்குள் நண்பர் புதிய கார்டைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். திணறுகிற பழைய கார்டே மிச்சம். அதில்தான் நடுக்கோடு இல்லாமல் முழு வீடியோவையும் மறுபடி செய்தேன். மெதுவாகச் செய்தது, ஒழுங்காகச் செய்தது. நாத்தனார் முடிச்சை மட்டும் பரிகாரமாக மூன்று தடவை காட்டினேன்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்குப் போகிற கார் கீரனூரில் என் கடை வாசலில் நின்றது. செல்வராணி உள்ளே இருந்தார். முடிச்சைப் பார்த்தபிறகுதான் கீரனூரைத் தாண்டுவேன் என்று சொல்லி ஏறியிருந்தாராம். லேப்டாப்பை அவர் மடியில் வைத்து ஓட்டினேன். முதல் தடவை உற்றுப் பார்த்தார். இரண்டாவது தடவை சேலை மடிப்பைச் சரிபார்த்தார். மூன்றாவது தடவை முகம் மலர்ந்துவிட்டது. “ஏன் ஓரமா ஒக்காந்திருக்க? இங்கிட்டு வா” என்று தேவிப்ரியாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கார் நகரப் போகிற நேரத்தில் முன் சீட்டுக் கண்ணாடி இறங்கியது. ரகுநாத் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணே, வலப்பக்கம் ஓடுன கார்டு ரொம்பச் சூடாகுதா? அங்க போய் வாங்கிரலாமா, அடுத்தது வரட்டும்னு பொறுக்கலாமா?”

“பொறுங்க தம்பி” என்று நானும் கதவில் கை ஊன்றிக் குனிந்தேன். பின்சீட்டிலிருந்து தேவிப்ரியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டிரைவர் ஹாரன் அடித்திராவிட்டால் விமானம் போயே போயிருக்கும்.

அது கிடக்கட்டும், உங்கள் கதைக்கு வருவோம். அந்த இரண்டு கார்டும் எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. செவந்தி அக்கா கேட்கவில்லை, செல்வராணி கேட்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்வு ஊசலாடிக்கொண்டிருந்த இடத்தில் உங்களுக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்ததென்றால், வெட்கப்படாதீர்கள். கீரனூர்ப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள், பேசுவோம். வீட்டில் மட்டும் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.