துரையின் ஆபரேஷனுக்கு யார் சம்மதம்?

என் பிரியமுள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடவுள் கிருபையால் இங்கே நான் சௌக்கியம், உன் அத்தான் சௌக்கியம், நீ விட்டுவிட்டுப் போன பூனை துரை எங்கள் இருவரையும்விட அதிக சௌக்கியம். உன் புது வேலையும் புது ஊரும் உனக்கு நல்லபடியாக அமையவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அந்த வேண்டுதலையே இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் செய்ய வேண்டியிருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்காதே. பூனை என்று நான் வாயைத் திறந்த உடனே உனக்கு "அக்கா, ஹலோ, கேக்கல, கட் ஆகுது" ஆகிவிடுகிறது. உனக்குச் சம்பளம் கூட்டினார்களா என்று கேட்டால் மட்டும் கணீரென்று கேட்கிறது. காகிதம் கட் ஆகாது. முழுக்கப் படி.

"ஒரு மாசம்தான்க்கா, வீடு பார்த்ததும் வந்து தூக்கிட்டுப் போயிடறேன்" என்று அவனைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தாயே, அப்போது அவன் என் உள்ளங்கை அகலம். கொட்டாவி விட்டால் முகமே வாயாகிவிடும், அதைப் பார்த்து நானும் ஏமாந்தேன். இப்போது கன்னம் இரண்டும் உப்பி, வட்டிக்கடைக்காரர் வசூலுக்குப் போகிற மாதிரி நடக்கிறான். நடக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. நடக்கிற இடமெல்லாம் வாலை நிமிர்த்தி, நுனியை நடுக்கி, ஒரு பீய்ச்சு பீய்ச்சிவிட்டுப் போகிறானே, அதைச் சொல். மணல் தட்டு அழுக்கா என்று கேட்டாய் அல்லவா, போன தடவை கட் ஆவதற்கு முன்னால்? மணல் தட்டை இரண்டு வேளையும் அள்ளுவது நான். மற்றதெல்லாம் அவன் ஒழுங்காக அதில்தான் போகிறான். இது வேறு, இது எல்லை போடுவது. திரைச்சீலைக்கு எல்லை போட்டான், அரிசி டின்னுக்குப் போட்டான், துவைத்து மடித்து வைத்த துணிக்குப் போட்டான், கடைசியில் சாமி அலமாரிக் கதவுக்கும் போட்டுவிட்டான். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மூலை நான் கேட்டதில்லை, இவன் வந்து வீடு முழுக்கப் பட்டா போட்டுக்கொண்டான். நான் எழுதும் வீட்டுக்கணக்கில் பால், காய்கறி, மருந்து என்று ஒழுங்காக இருந்த தலைப்புகளோடு 'துரை நாசம்' என்று புதிதாக ஒன்று சேர்ந்து, மருந்துச் செலவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

இது பகல் கதை. பொழுது சாய்ந்தால் கச்சேரி. ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்து அவன் எடுக்கிற குரல் இருக்கிறதே, பெற்ற தாய் கேட்டாலும் எழுந்து போய்விடுவாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியேறி வந்து, "ஏம்மா, சார் பாட்டு கத்துக்கிறாரா? குரல் நல்லாத்தான் இருக்கு, வேற எங்கயாவது போய்ப் பாடச் சொல்லுங்க, எனக்கு ஊசி கையில குத்துது" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அத்தானுக்கு அவள் சொன்னதில் "குரல் நல்லாத்தான் இருக்கு" என்பது மட்டும் காதில் விழுந்து, ஒரு வாரம் குளிக்கும்போது பாடினார். அந்தக் கஷ்டத்தையும் இந்தப் பூனை கணக்கில்தான் எழுதவேண்டும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பூனை வளர்ப்புப் புத்தகம் இரண்டை வாங்கி அட்டையிலிருந்து அட்டைவரை படித்து, கேள்விகளை மனசில் வரிசைப்படுத்திக்கொண்டு, கடைத்தெரு முனையில் இருக்கும் மிருக டாக்டரம்மாவைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். "இதுக்கா இவ்வளவு நாள் யோசிச்சீங்க? ஆண் பூனைக்குக் கருத்தடைன்னா ரொம்பச் சின்ன ஆபரேஷன். மயக்கம் குடுத்துப் பண்ணுவோம், சாயங்காலமே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலாம்" என்றார். நானும் லேசில் விடவில்லை. வலிக்காதா? வலிக்கு மருந்து தருவாராம். குண்டாகிவிடமாட்டானா? அளந்து போட்டால் ஆகமாட்டானாம். என்மேல் இருக்கிற பாசம் போய்விடாதா? "உங்க மேல இருக்கற பாசம் எங்கயும் போகாது, சுவர் மேல இருக்கற பாசம்தான் போகும். ஆனா பழக்கமாயிட்டா நிறுத்தறது கஷ்டம், தள்ளிப்போடாதீங்க" என்றார். நல்ல மனுஷி. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், நடுவில் கட் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். உன் அத்தான் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே, ஆபரேஷன் அவருக்கே என்று நான் சொன்ன மாதிரி கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டார். "என்னடி இது அநியாயம்! பாவம், அவனும் ஒரு ஆம்பளை" என்றார். உடனே உனக்கு வீடியோவில் போன். அன்றைக்கு மட்டும் லைன் எவ்வளவு தெளிவு! நீயும் உன் பங்குக்கு, "அக்கா, அவன் சிங்கம்க்கா! அவன் வம்சத்தையே அழிக்கப் பாக்கறியே!" என்றாய். எந்த வம்சம்டா? வாசப்படி தாண்டாதவனுக்கு வம்சம் எங்கிருந்து வரும், சோபாவோடவா குடும்பம் நடத்தப் போறான்?

அதற்கப்புறம் உன் அத்தானுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து சாமி அலமாரிப் பக்கம் சாவி தேடுவதற்கு மட்டுமே வந்த மனுஷர், "கடவுள் குடுத்ததை வெட்டி எடுக்க நாம யாரு?" என்று கேட்கிறார். "போன வருஷம் உங்க பித்தப்பையை எடுத்தாங்களே, அதைக் கடையிலயா வாங்கினீங்க?" என்றேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனாலும் எனக்கு மனசு உறுத்தியது தம்பி. நான் கடவுளுக்குப் பயந்தவள். வாயில்லாத ஜீவன், அது வேண்டாமென்று சொல்லவும் தெரியாது, சரியென்று சொல்லவும் தெரியாது. அதனால் இரண்டு சீட்டு எழுதினேன், ஒன்றில் 'செய்', ஒன்றில் 'செய்யாதே'. மடித்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து, கண்ணை மூடி, மனமுருகி வேண்டினேன். சளக்கென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் வாலை நடுக்கிக்கொண்டு துரை நிற்கிறான், இரண்டு சீட்டும் தொப்பலாக நனைந்து எழுத்து கரைந்து கிடக்கிறது. "பாத்தியா, சாமிக்கு இஷ்டமில்ல" என்கிறார் உன் அத்தான். இதைவிடத் தெளிவாகச் சாமி எப்படியப்பா 'செய்' என்று சொல்லும்?

எனக்கு நாற்றம்கூடப் பெரிதில்லை. பினாயில் இருக்கிறது, எனக்குக் கை இருக்கிறது. அள்ளுவது நான், துடைப்பது நான், டாக்டரைப் பார்த்தது நான், புத்தகம் படித்தது நான். முடிவு சொல்ல மட்டும் ஒருத்தர் பேப்பருக்குப் பின்னாலிருந்தும் இன்னொருத்தர் போனுக்குள்ளிருந்தும் வருகிறீர்கள். இந்த வீட்டில் துடைக்கிறவளுக்கு ஓட்டு கிடையாதா? பூனை உன்னுடையது என்பதற்காகத்தான் இவ்வளவு நாள் உன் சம்மதத்துக்குக் காத்திருந்தேன். இந்த மாதம் முடிவதற்குள் ஒன்று சரியென்று சொல், இல்லையென்றால் நீயே வந்து உன் சிங்கத்தைத் தூக்கிக்கொண்டு போ. மூன்றாவது வழி கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசோடும் நல்ல புத்தியோடும், முக்கியமாக நல்ல புத்தியோடும் நீ வாழக் கடவுளை வேண்டும்,

உன் அக்கா.

பி.கு.: ஒட்டின கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் கடிதத்தை ஒட்டி, தபாலில் போடச் செருப்பு மாட்டும்போது உன் அத்தான் ஆபீசிலிருந்து வந்து, யாரையும் உட்காரவிடாத தன் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார். கையால் பின்னால் தொட்டு மோந்து பார்த்தார். "எங்கடி அந்தக் கூடை?" என்றார். அதே பேண்டோடு துரையைத் தூக்கிக்கொண்டு போனவர் ஒரு மணி நேரத்தில் அவனோடு திரும்பி வந்து, "காலைல ஒன்பது மணிக்கு ஆபரேஷன். வயிறு காலியா இருந்தாத்தான் மயக்க ஊசி போடுவாங்களாம், ஒண்ணும் குடுத்துடாத" என்று சொல்லி, அவன் சாப்பாட்டுத் தட்டை அவரே எடுத்து அலமாரி மேல் வைத்தார். "அவனும் ஒரு ஆம்பளைன்னீங்களே?" என்றேன். "அது வேற, இது வேற. இது புது பேண்ட்" என்றார்.

தம்பி, நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். இத்தனை மாதம் நான் தொண்டை வற்றச் சொல்லி நடக்காதது, ஒரு பேண்ட் சொல்லி ஒரு மணி நேரத்தில் நடந்துவிட்டது. இன்று காலை பிரார்த்தனைக்கு எழுந்தபோது துரை என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினான். நான் யோசிக்கவே இல்லை. அலமாரி மேலிருந்து தட்டை இறக்கி, நிறைய மீன் வைத்தேன். வழித்து நக்கிவிட்டு ஏப்பம் விட்டான். உன் அத்தான் இப்போது, எப்படியாவது இன்றைக்கே செய்துவிடச் சொல்லி டாக்டரம்மாவிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

ஆபரேஷன் நடக்கும். அடுத்த வாரம், நான் சொல்கிற நாளில், என் கையால் கொண்டுபோய். உன் சம்மதம் வேண்டாம், நீ வந்து தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம், வந்தாலும் தரமாட்டேன். அதுவரைக்கும் அவன் இஷ்டம்போல் எல்லை போட்டுக்கொள்ளட்டும். அந்த நாற்காலியை நான் இன்னும் துடைக்கவில்லை.