வெண்ணெய்ப்பழத்தில் ஒரு பாதியைக் காணோம்

மாமியார் வீடு பார்க்க வருகிறார் என்றால் மருமகன் செய்யவே கூடாத ஒரே காரியம், தன் சாமர்த்தியத்தைக் காட்டுவது. "காபி வாங்கிட்டு வரட்டுமா அத்தை?" என்று பவ்யமாகக் கேட்டுவிட்டுத் தெருமுனை டீக்கடைக்கு ஓடிவிட வேண்டும். இந்த ஞானம் அன்றைக்கு எனக்கு இருந்திருந்தால், எங்கள் வீட்டுக் கொல்லையில் அமாவாசைக்கு அமாவாசை முட்டை வைக்கிற நிலைமை வந்திருக்காது.

என் மகள் யாழினி அப்போது கைக்குழந்தை. பிரசவத்துக்குச் சின்னாளபட்டிக்குப் போன என் மனைவி தேன்மொழி குழந்தையோடு அம்மா வீட்டிலேயே இருந்தாள். நான் திண்டுக்கல்லில் தனியாள், நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை. ஒற்றை அறை வீட்டில் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது என்று ஊரெல்லாம் அலைந்து ஒரு வீடு பிடித்தேன். விசாலமான கூடம், கொல்லை, கொல்லையில் ஒரு முருங்கை மரம். வாடகை அடிமாட்டு விலை. (ஏன் இம்புட்டுக் கம்மி என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் ஏற்றிவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.)

குடிவந்த பிறகுதான் பக்கத்து வீட்டு ராணியக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"தனியாவா இருக்கீங்க தம்பி? சத்தம் கித்தம் எதுவும் கேக்கலையே?"

"என்ன சத்தம்க்கா?"

"கேக்கலைன்னா விடுங்க" என்று தலையை இழுத்துக்கொண்டார். அதன்பிறகு எனக்கு எல்லாச் சத்தமும் கேட்க ஆரம்பித்தது.

இதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் இந்த மாதிரிச் சேதிகள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் தாமாகவே நடந்து போய்விடும். மாமியார் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "வீட்டை நான் ஒருக்கா வந்து பாக்கணும் மாப்ள. பாத்துட்டுத்தான் புள்ளைய அனுப்புறதா வேணாமான்னு சொல்லுவேன்."

அவர்களுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். சேலையை விரிக்காமலே எங்கே சாயம் இறங்கியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அத்தை. அவர் கண்ணுக்கு இந்த வீடு தப்ப வேண்டும். எனக்கோ மகளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துப் பார்த்து மனசே விட்டுப்போயிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கும்போது நான் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அடுத்த ஞாயிறு போனால் யாரோ எவரோ என்று பார்ப்பாள். இந்த வீடு தேறவில்லை என்றால் இன்னும் எத்தனை மாதமோ என்று நினைக்கும்போதே அழுகை வந்தது.

ஆகவே அத்தையை அசத்துவது என்று முடிவு செய்தேன். மில்லில் தீபாவளிக் குலுக்கலில் விழுந்த ஏர் ஃப்ரையர் ஒன்று பெட்டி பிரிக்காமல் கிடந்தது. செல்போனில் ஒரு பெண் வெண்ணெய்ப்பழத்தை (பட்டர் ஃப்ரூட்) இரண்டாக வெட்டி, கொட்டையை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் முட்டையை உடைத்து ஊற்றி, ஏர் ஃப்ரையருக்குள் தள்ளி, சிரித்துக்கொண்டே காலைப் பலகாரத்தை முடித்துவிட்டாள். சுலபம், சத்தானது, நாகரிகமானது. "நம்ம மாப்ள எப்படியும் பொழச்சுக்குவாரு" என்று அத்தை சொல்வதாக மனசுக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் கொடைக்கானல் மலைப் பழம் கிடைத்தது. கல்லு மாதிரி இருந்தது. "அரிசிக்குள்ள புதைச்சு வைங்க சார், பழுத்துரும்" என்றார் வண்டிக்காரர். அப்படியே அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். எத்தனை புதைத்தேன் என்பதை மறந்துபோனேன்.

அத்தை வருவதாகச் சொன்ன நாள் வந்தது. மார்கழிப் பனி ஜன்னலுக்கு வெளியே சுவர் மாதிரி நின்றது. முருங்கை மரம் தெரியவில்லை. பழத்தைத் தோண்டி எடுத்தேன், தோல் கருத்துப் போயிருந்தது. வெட்டி, முட்டையை ஊற்றி, மேலே தூவ வீடியோக்காரி வைத்திருந்தது இல்லாததால் குழம்பு மிளகாய்த்தூளைத் தாராளமாகப் போட்டேன். சாய்ந்துவிடாமல் இருக்க அலுமினியத் தாளில் ஆளுக்கொரு சும்மாடு செய்து இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

வைத்ததும் சுரீர் என்றது. இரண்டு கண்கள். சுற்றிலும் சிவந்து, நடுவில் மஞ்சள் பாவையோடு என்னையே பார்த்தன. "என்ன பார்வை?" என்று அதட்டிவிட்டு (குரல் நடுங்கியதை ஒப்புக்கொள்கிறேன்) தட்டை உள்ளே தள்ளிக் குமிழைத் திருகினேன். மெஷின் 'ஊ...' என்று ஊத ஆரம்பித்தது.

கேட் கிரீச்சிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துவிட்டார்கள். அத்தைக்குப் பின்னால் பனிக்குள்ளிருந்து மாமனாரும் வெளிப்பட்டார். பச்சை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மாலை.

பழனிப் பாதயாத்திரைக்கு மாலை போட்டிருக்கிறார்! விரதம் இருக்கிற மனிதர் வாசலில், அடுப்பில் முட்டை.

மாமா சாதாரணமாகவே வாயைத் திறக்காதவர். மாலை போட்டுவிட்டால் அத்தையே அவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். (மற்ற மாதங்களில் கூப்பிடுவதை இங்கே எழுத முடியாது.)

"சாமி, வலது கால எடுத்து வைங்க. ஏன் மாப்ள, உள்ள என்ன ஊதுது?"

"மெஷின் அத்தை. சாமிக்குப் பலகாரம். வெறும் பழம்தான். வெண்ணெய்ப்பழம்."

"பழத்தையா வேக வைக்கிறீங்க?"

"கொடைக்கானல் பழம் அத்தை. அதுக்கு அப்படித்தான்."

"பழமா?" என்றார் மாமா. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வெறும் வயிற்றோடு வந்தவர். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அப்போது அடுப்படியில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு 'டக், டக்.'

அத்தை நின்றார். "உள்ள யாரு?"

"யாருமில்ல அத்தை."

"யாருமில்லாமத்தான் தட்டுதாக்கும்?"

போய்ப் பார்த்தோம். சத்தம் மெஷினுக்குள்ளிருந்து வந்தது. வெளியே விடச் சொல்லி யாரோ விரலால் தட்டுவதுபோல், விட்டு விட்டு. ராணியக்கா சொன்னது ஞாபகம் வந்தது.

"பஸ்ஸ விட்டு எறங்கி வழி கேட்டப்பவே ஒருத்தன் 'அந்த வீடா'ன்னு ஒரு மாதிரி இழுத்தான்" என்றார் அத்தை மெதுவாக. பிறகு தன்னைத்தானே தேற்றிக்கொள்வதுபோல், "கெடக்கு. சாமிக்கு நானே ரெண்டு கை அரிசி போட்டுப் பொங்கல் வைக்கிறேன்" என்று டிரம்முக்குள் கையை விட்டார்.

விட்ட கை அப்படியே நின்றது. முகம் மாறியது. மெல்ல வெளியே எடுத்தார். கருகருவென்று, சுருங்கி, உள்ளங்கையில் அமுங்குகிற மாதிரி ஒன்று. மேலெல்லாம் அரிசி ஒட்டியிருந்தது.

"மாப்ள, சோத்து அரிசிக்குள்ள இதப் பொதைச்சது யாரு?"

'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

விளக்கு அணைந்தது. ஊதுவது நின்றது. தட்டுவதும் நின்றது. அந்த அமைதியில் மெஷின் மட்டும் 'டிக், டிக், டிக்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்டு இல்ல" என்றார் அத்தை. "அது ஓடுது."

பனி இருட்டில் அது எண்ணுவது போலவே இருந்தது. பிறகு, 'டிங்!'

அத்தை எப்படி வெளியே போனார் என்று தெரியாது. "ஏத்தா, யாராச்சும் உப்பு மொளகா குடுங்கத்தா!" என்று ராணியக்கா வாசலில் அத்தை குரல் கேட்டது. நான் ஃபியூஸைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு கேட்டுவரை ஓடினேன். (ஃபியூஸ் பெட்டி வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது.) ஓடுகிற ஓட்டத்தில் திரும்பிப் பார்த்தபோது மாமா மட்டும் அடுப்படியில் அசையாமல் நின்றிருந்தார். உதடு அசைந்தது. முருகனை நினைத்துக்கொள்கிறார், பெரிய மனசு என்று எண்ணிக்கொண்டேன்.

செத்த நேரத்தில் கரண்ட் வந்தது. அத்தை கைப்பிடி உப்பு மிளகாயோடு முன்னால் வர, துணைக்கு ராணியக்கா. மாமா கூடத்து மூலையில் உட்கார்ந்து துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெறங்க மாப்ள. என்னதான் இருக்குன்னு பாத்துருவோம்."

இழுத்தேன். ஆவி அடங்கியதும் ஒற்றைக் கண் தெரிந்தது. ரத்தச் சிவப்பாக மேலே பார்த்துக்கொண்டு. பக்கத்தில் வெறும் அலுமினியச் சும்மாடு.

"ஐயையோ, ஒண்ணக் காணோம்!" என்று அலறினேன். "ரெண்டு முட்டை வச்சேன் அத்தை, ஒரு முட்டையக் காணோம்!"

"முட்டையா?" என்றார் மாமா. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது அந்தக் குரல்.

"முட்டையா? பழம்னுதான சொன்னீங்க!" என்றார் அத்தை.

மாமா மாலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நேராகக் கொல்லைக் குழாயடிக்குப் போய்த் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். முட்டை வெந்த வீட்டில் நின்ற தோஷத்துக்கு என்று எண்ணி நான் குறுகிப்போனேன்.

அத்தை அந்த ஒற்றைக் கண்ணையே பார்த்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வெட்டின காய், நடுவில் முட்டை, மேலே சிவப்பு. முச்சந்தியில் கழித்துப் போட்டிருந்தால் நாமெல்லாம் மிதிக்காமல் சுற்றிப் போகிற அதே சாமான். அதைத்தான் மாமியாருக்குக் காலைப் பலகாரமாகச் செய்திருக்கிறேன்.

கொல்லையிலிருந்து ராணியக்கா கூப்பிட்டார். அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழே, முருங்கை மரத்தடியில், கறுப்புத் தோல் ஒன்று கிடந்தது. உள்ளே துளி பழம் இல்லை, நக்கித் துடைத்த மாதிரி. "முன்னாடி இருந்தவங்களும் இதான் சொன்னாங்க. நகை நட்டெல்லாம் தொடாதாம். திங்கிற பொருள்தான் போகுமாம்" என்றார். சொல்வதற்கு அவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். தட்டியது மெஷின் காற்றில் ஆடிய அலுமினியத் தாள். டிக் டிக் என்றது டைமர், சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி கரண்ட் இல்லாமலும் ஓடும். அரிசிக்குள் புதைத்தது சாட்சாத் நான்தான். அத்தை பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி. அந்த ஒரு பாதி எங்க போச்சு?"

அழுதேவிட்டேன். "வேற வீடு பாக்குறேன் அத்தை. பாக்குற வரைக்கும் வாசல்லயே படுத்துக்கிறேன். புள்ளைய மட்டும் அனுப்பாம இருந்துராதீங்க."

அத்தையின் கண்ணும் கலங்கியது. "அழுகாதீங்க மாப்ள. தகப்பனையும் புள்ளையையும் பிரிச்சு வச்ச பாவம் எனக்கு எதுக்கு? அனுப்புறேன். ஆனா கூட நானும் வாரேன். இது அடங்குற வரைக்கும்."

இது இன்னும் அடங்கவில்லை. யாழினி பள்ளிக்கூடம் போகிறாள். அத்தை எங்களோடுதான் இருக்கிறார். ஏர் ஃப்ரையர் மஞ்சள் துணியில் முடிந்து பரண்மேல் இருக்கிறது. அடங்காத அந்த ஆவிக்கு 'முட்டைக்காரர்' என்று பெயரே வைத்தாயிற்று. வீட்டில் சீப்பைக் காணோம், ரிமோட்டைக் காணோம் என்றால் "முட்டைக்காரர்ட்ட கேளுப்பா" என்கிறாள் யாழினி. அமாவாசைதோறும் அத்தை முருங்கை மரத்தடியில் அவித்த முட்டை ஒன்று வைப்பார். காலையில் ஓடு மட்டும் இருக்கும்.

மாமா வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு சின்னாளபட்டியில் தனியாக இருக்கிறார். பாவம் என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் ஒவ்வொரு முறை வரும்போதும் மனிதர் மெருகேறிக்கொண்டேதான் வருகிறார். போன மாதம் வந்திருந்தபோது கொல்லையில் நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"மாப்ள, அன்னைக்கி அந்தப் பழம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "உப்புதான் பத்தல."

"எந்தப் பழம் மாமா?" என்றேன்.

"நீங்கதான பழம்னு சொன்னீங்க? பழம் திங்கலாம்ல மாலை போட்டவன். பசி. இருட்டுல என்ன ஏதுன்னு தெரியல. கொழகொழன்னு இருந்துச்சு, மலைப்பழம் அப்படித்தான் போலன்னு முழுங்கிட்டேன். தோல ஜன்னல் வழியா வீசிட்டேன்."

"இம்புட்டு வருசமா ஏன் மாமா சொல்லல?"

"அன்னைக்கே சொல்லியிருந்தா, விரதத்தக் கெடுத்தேன்னு உங்க அத்தை என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா. அப்புறமாச் சொல்லலாம்னு பாத்தா..." அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "திரும்பி வந்துருவால்ல."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், அவரும் சிரித்தார். இத்தனை வருஷத்துப் பயமும் இறங்கிப் போனது. "பலே ஆளு மாமா நீங்க! அப்ப அமாவாசை முட்டையும் உங்க வேலைதானா?"

மாமா சிரிப்பதை நிறுத்தினார். "அமாவாசைக்கி நான் என்னைக்கு இங்க வந்திருக்கேன்? அது நான் இல்ல மாப்ள."

இரண்டு பேரும் முருங்கை மரத்தைப் பார்த்தோம். காக்காய் தூக்கியிருக்கும் என்று சொல்லலாம்தான். காக்காய் ஓட்டை உரித்து ஓரமாகக் குவித்து வைக்காது.

அடுத்த அமாவாசைக்கு முட்டையை நானே வைத்தேன். ஏனோ தோன்றியது, பக்கத்தில் ஒரு இலையில் துளி உப்பும் வைத்தேன். விடிந்து போய்ப் பார்த்தேன். ஓடு இருந்தது. உப்பைக் காணோம்.

முந்தாநாள் அத்தை மூட்டையைக் கட்டப் போனார். "எல்லாம் அடங்கிருச்சு போல மாப்ள. நான் ஊருக்குப் போகட்டா?"

"ஐயையோ, எங்க அடங்குச்சு? இருங்க அத்தை!" என்று, காணாமல் போன உப்பையும் மாமாவையும் நினைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கிப் பரண்மேல், ஏர் ஃப்ரையருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.