எர்த் பிழைத்த கார்

சரவணை,
வேலணை.

அன்பு மைத்துனர் தயாபரன் அவர்கட்கு,

அம்பாள் அருளால் இங்கு யாவரும் நலம். லண்டன் குளிரில் நீரும் பிள்ளைகளும் சளி தடிமன் இல்லாமல் சுகமாயிருக்க வேண்டுகிறோம். நிற்க.

எங்கள் மகள், உமது மருமகள் நிலாந்தினியின் கலியாணம் சிறப்பாக நடந்தேறியது. அதைவிடச் சிறப்பாக, நீர் என்னிடம் விட்டுப்போன கார் ஓடியது. ஓடவைத்தவன் நான் என்பதைப் பெருமையோடு அறியத்தருகிறேன்.

புளியங்கூடல் சம்பந்தி வல்லிபுரத்தாரிடம், "பொம்பிளை எங்கடை சொந்தக் காரிலைதான் கோயிலுக்கு வருவா" என்று நாலுபேர் முன்னால் சொல்லிவிட்டேன். கலியாணக் கிழமை திறப்பைப் போட்டுத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். ஹோர்னை அமத்தினால் வைப்பர் ஆடுகிறது. சிக்னலைப் போட்டால் உள்லைற் மினுங்குகிறது. மானம் கப்பலேறப் போகிறது! யாழ்ப்பாணத்தில் கார் வயறிங் செய்யும் சுதனுக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, இப்ப வர ஏலாது. அது எர்த் பிழை. எர்த்தைச் சரியாக்குங்கோ, ஸ்ராட் வரும்" என்றார். உடனே உமது அக்கா சத்தியபாமா போனைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். கலியாணத்துக்குச் சொல்லப்போகிறாளாக்கும் என்று விட்டுவிட்டேன்.

எர்த் என்றால் மண். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியருக்கு மண்ணைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டுமா? கார் நின்றது கிணற்றுக்குப் பின்னால், உவர் நிலத்தில். கத்தரிக்கன்றே நிற்காத மண்ணில் கார் எப்படி நிற்கும்! ஒரு லோட் செம்பாட்டு மண் பறிப்பித்து, மாட்டெரு கலந்து, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்துச் சத்தியபாமா, "தோரணத்துக்குக் கம்பி முறுக்க வேணும், குறடு எங்கை?" என்று வந்து நிற்கிறாள். "மனிசன் காருக்கு வைத்தியம் பாக்கிறன், உமக்குத் தோரணமோ?" என்று ஏசினாலும் எடுத்துக் கொடுத்தேன். காருக்கும் மாலை கட்டவேண்டுமாம் என்று பொனற்றைத் திறந்து ஏதோ செய்துகொண்டு நின்றாள். பிறகு எல்லோருமாகக் காரைத் தள்ளிப் புதுமண்ணில் ஏற்றினோம். திறப்பைத் திருப்பினேன். ஒரே திருப்பு, ஸ்ராட் வந்துவிட்டது! நான் போட்ட சத்தத்தில் பந்தல்காரர் ஏணியை விட்டு இறங்கி ஓடிவந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலே நாங்கள் கோயிலடிக்குப் போய்விட்டோம். வல்லிபுரத்தார் பொனற்றைத் தடவிப் பார்த்து, "இவ்வளவு பழைய காரை எப்படி வைச்சிருக்கிறியள்?" என்றார். "எல்லாம் மண்ணிலைதான் இருக்கு" என்றேன். மனிதர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். இறங்கும்போது நிலாந்தினி, "சொன்னபடி கொண்டந்திட்டியள் அப்பா" என்று என் கையைப் பிடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான்.

உமது லண்டன் காருக்கும் இப்படி வந்தால் முதலில் மண்ணைப் பாரும். வேண்டுமென்றால் ஒரு பொதி அனுப்பிவைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். அவர்களின் தாயாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இங்ஙனம்,
மண்ணறிந்த மைத்துனன்,
க. ஏரம்பு

பி.கு.: முத்திரை ஒட்ட முதல் சத்தியபாமா இதை வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்து சிரிசிரியென்று சிரிக்கிறாள். எர்த் என்பது பற்றறியிலிருந்து கார் உடம்புக்குப் போகும் ஒரு கறுப்பு வயராம். அதன் நட் இளகிக் கிடந்ததாம். சுதன் போனில் சொன்னபடி அவள்தான் இறுக்கினாளாம். "அப்பவே ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "பொம்பிளையின்ரை தகப்பன் அண்டைக்குத் தலைநிமிர்ந்து நிக்க வேணுமெல்லோ" என்கிறாள். கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். ஒன்றை மட்டும் மறவாதேயும்: குறடு எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.