ரெங்கம்மாள் அண்டாவும் பெரம்பலூர்ப் பெட்டியும்

பெரம்பலூரில் ஒரு மாடி அறையில் இருந்த இரும்புப் பெட்டி, 2005ஆம் வருஷம் ஆவணி மாதத்தில், இந்த வட்டாரத்து வாடகைப் பாத்திரக் கடைக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் யோக்கியர்களாக்கிவிட்டது.

சிரிக்காதீர்கள். கொள்ளிடம் மலையேறி வந்தது என்றால்கூட நம்புவோம், இதை நம்ப மாட்டோம் என்று சொன்னவர்கள் உண்டு. அதில் முதல் ஆள், அரியலூர் ராசாங்கத்தின் மனைவி ரெங்கம்மாள்.

"பொட்டி கெடக்கட்டும். என் அண்டா எங்க?" என்றாள் ரெங்கம்மாள்.

ராசாங்கம் காது குடைந்தார். வாடகைப் பாத்திரக் கடை அவருடையது. மகள் ஜெயசுதாவுக்கு அந்த வாரம் கல்யாணம். எறையூர் மாப்பிள்ளை. ரெங்கம்மாளின் அம்மா அவளுக்குச் சீராகக் கொடுத்த செம்பு அண்டாவை, அவள் தன் மகளுக்குக் கொடுப்பதாகச் சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். ஒரு பங்குனி முகூர்த்த நெருக்கடியில் அதை ராசாங்கம் வேறொரு கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார். யாருக்கு என்பதுதான் மறந்து போயிற்று.

"அண்டா வராம என் மக வண்டி ஏற மாட்டா. சொல்லிட்டேன்!"

முகூர்த்த நாளில் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் பாத்திரம் கைமாற்றிக்கொள்வது வழக்கம். திருப்பிக் கொடுப்பது, ஞாபகம் வந்தால். பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்குமே என்பீர்கள். பெயர் இருக்கிற பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் போயிற்று. ராசாங்கத்தின் கிடங்கிலும் அப்படி ஒரு மூலை இருந்தது.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மருந்தாகத்தான் கடைக்காரர்கள் சங்கத்தில் செர்வர் என்கிற அந்தப் பெட்டியை வாங்கினார்கள். எந்தக் கடையில் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தட்டினால், அது டெலிபோன் கம்பி வழியாகப் பெரம்பலூர் போய், கண் இமைப்பதற்குள் எல்லாக் கடைத் திரையிலும் தெரியும். சங்கச் செயலாளர் வேணுகோபால் அந்த அறைக்குள் செருப்பில்லாமல்தான் நுழைவார். ஏசி குளிருக்குக் கத்திரி வெயிலிலும் மங்கி குல்லா போட்டிருப்பார். பாடாலூரில் ஒரு கரண்டி கீழே விழுந்தால் இங்கே விளக்கு மினுக்கும் என்று சத்தியம் செய்வார்.

'அடுத்தவர் பாத்திரம் உங்களிடம் உண்டா?' என்று பெட்டி எல்லோரையும் கேட்டது. எல்லோரும் 'இல்லை' என்று தட்டினார்கள். ராசாங்கமும் தட்டினார். வேணுகோபாலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்கய்யா! அடுத்தவன் கரண்டி ஒண்ணுகூட ஒருத்தர்கிட்டயும் இல்ல. இப்படி ஒரு தொழில் உலகத்துல உண்டா?"

ராசாங்கம் மகளைக் கூப்பிட்டார். கல்யாணப் பெண்ணானாலும் கம்ப்யூட்டர் படித்தவள் அவள்தானே.

"ரெங்கம்மாள்னு பேரு வெட்டுன அண்டா யாருகிட்ட இருக்குன்னு கேளு தாயி."

ஜெயசுதா மஞ்சள் விரலால் தட்டினாள். மூச்சு விடுவதற்குள் எல்லாக் கடையிலிருந்தும் 'இல்லை' வந்து விழுந்தது. வந்த வேகத்தில் மோடம் சூடாகி, அதன்மேல் அப்பளம் சுடலாம் போலிருந்தது.

"அப்படியா சேதி? இப்ப இப்படிப் போடு. கடையில ஒரு சாமானும் இல்ல, மக கல்யாணம், சங்கத்தாரு காப்பாத்தணும்."

"அப்பா, கெடங்கு நெறைய இருக்கேப்பா!"

"இருக்கட்டுமே. நாலு பேரு அனுப்புனா அதுல ஒண்ணு உங்கம்மா அண்டாவா இருக்காதா?"

வேணுகோபால் திரையைப் பார்த்துப் பதறினார். எல்லோருக்கும் போன் போட்டார். "எந்தக் கடை அனுப்புச்சு, எந்தக் கடை அனுப்பலன்னு பொட்டி ஊருக்கே காட்டிடும். பாத்துக்குங்க!"

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பாடாலூர் வீரமணியின் டெம்போ மண்டபத்து வாசலில் நின்றது.

"சங்கத்து ஆளு வூட்டுக் கல்யாணம். கைவிட்டுருவமாண்ணே?" என்று வீரமணி குண்டானும் தேக்சாவுமாக இறக்கினார்.

அடுத்து விக்கிரமங்கலத்து வண்டி. அடுத்து ஜெயங்கொண்டத்து வண்டி. மத்தியானத்துக்குள் மண்டபம் நிரம்பி, மணமேடைக்குப் போக ஆள் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது. உட்கார இடமில்லாத நாதஸ்வரக்காரர் ஒரு கொப்பரைக்குள் இறங்கி உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். கேட்டவர்கள் இருபது பேர் கச்சேரி என்று நினைத்தார்கள். வந்த சாமான் எல்லாம் விரல் கனத்துக்குக் கரி ஏறியவை. ரெங்கம்மாள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக் கரியப்பிய கையோடு வந்து நின்றாள்.

"எங்கம்மா அண்டா கண்ணாடியா மின்னும். இந்தக் கரிக்கூட்டத்துல அது ஏது? நீங்களும் உங்க பொட்டியும்!"

ராசாங்கம் பெரம்பலூருக்குப் போன் போட்டார். "அய்யா, போதுங்க! நிறுத்தச் சொல்லுங்க!"

வேணுகோபால் உற்சாகமாக அவரே தட்டினார்: 'ராசாங்கத்திடம் பாத்திரம் நிறைந்து வழிகிறது.'

நாளைக்கு ஊரெங்கும் முகூர்த்தம். எல்லாக் கடையிலும் பற்றாக்குறை. அந்த வரியைப் பார்த்ததும், இறக்கிப் போட்டுவிட்டுப் போன வண்டிகள் எல்லாம் திரும்பி வந்தன. மண்டபத்துக்கு இல்லை, நேரே கிடங்கு வாசலுக்கு.

"நெறஞ்சு வழியுதாமேண்ணே? பொட்டி சொல்லுது. எங்களுக்கும் நாலு குடுங்க."

ராசாங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. இல்லையென்றால் பெட்டி பொய் சொன்னதாகும். கொடுத்தால் அவர் பொய் சொன்னதாகும். முன்னால் பளபளவென்று அடுக்கியிருந்த சொந்தச் சாமானைக் கொடுக்க மனசு வருமா? தார்ப்பாயை இழுத்து அதை மூடிவிட்டு, அந்த மூலையைத் திறந்துவிட்டார்.

"இருட்டா இருக்கு. கெடைக்கிறத எடுத்துக்குங்கப்பா."

"கைக்குப் பழக்கமானதா நாங்களே பாத்து எடுத்துக்கிறோம்ணே" என்றார்கள் வண்டியோடு வந்த சுமைகூலிக்காரர்கள். உண்மையில் தடவித் தடவித்தான் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த மூலையில் சுவர் தெரிந்தது. பல வருஷமாக அந்தச் சுவரை யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் தாலி கட்டியாயிற்று. சாப்பாட்டில் குறையில்லை. மாப்பிள்ளை வீட்டார் கிளம்ப வேன் வந்து நின்றது. சீர்வரிசை ஏறியது, அண்டா தவிர.

"அந்தச் செம்பு அண்டா..." என்று சம்பந்தியம்மாள் மெல்ல இழுத்தாள்.

ரெங்கம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேன் படியை மறித்து நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. "என் மானத்த வாங்கிட்டீங்களே! பொட்டி யோக்கியனாக்குச்சு, பொட்டி யோக்கியனாக்குச்சுன்னு அந்தச் செயலாளரு போன்ல கத்துறாரு. பொட்டியால என் அண்டாவக் கொண்டாந்து தர முடிஞ்சுதா?"

ராசாங்கம் தலை குனிந்தார். ஜெயசுதா, "விடும்மா" என்றாள். யாரும் நகரவில்லை.

கொல்லைப்புறத்திலிருந்து இருசம்மாளின் குரல் வந்தது. பாத்திரம் கழுவ வந்தவள். புளியும் செங்கல் தூளும் போட்டுக் காலையிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கோவ்! இங்க வந்து பாருங்க. எந்தக் கடைக்கு எதுன்னு பேரு பாத்துப் பிரிச்சு வைக்கச் சொன்னீங்கல்ல? எப்படிப் பிரிக்கிறது? பாடாலூரு பேரும் இல்ல, விக்கிரமங்கலத்துப் பேரும் இல்ல. அத்தனையிலயும் அண்ணன் பேருதான் வெட்டியிருக்கு. சோறு வடிச்ச இந்தப் பெரிய அண்டாவுல மட்டும் உங்க பேரு!"

ரெங்கம்மாள் ஓடினாள். கரி போன அண்டாவில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குக் கீழே, அவள் அம்மா வெட்டிக் கொடுத்த பெயர் தெரிந்தது. தடவிப் பார்த்தாள். "அப்ப அவங்க கெடங்குலயும் சுவரப் பாத்த மூலை ஒண்ணு இருந்திருக்கு!" என்று பின்னாலேயே வந்த ராசாங்கம் வாய் பிளந்தார்.

அப்போது போன் அடித்தது. வேணுகோபால்தான்.

"ராசாங்கம், என்னய்யா செஞ்ச? பாடாலூரு, விக்கிரமங்கலம், ஜெயங்கொண்டம், எல்லாக் கடையிலயும் சொல்றாங்க, நீ குடுத்த சாமானத் திருப்பித் தரமாட்டாங்களாம். எல்லாத்துலயும் அவங்கவங்க பேரு இருக்காம்!"

ராசாங்கத்தின் கையிலிருந்து போனை ரெங்கம்மாள் வாங்கினாள். பெரம்பலூர் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"அய்யா, நடந்தது நெசந்தாங்க. நானே ஒத்துக்கிறேன். அத்தனை பேரும் ஒரே நாள்ல யோக்கியனாயிட்டாங்க. ஆனா பாவம், அவங்கள்ல ஒருத்தருக்குக்கூட அது தெரிஞ்சு நடக்கல!"