ஒவ்வொண்ணா அண்ணே

போடிநாயக்கனூரில் பொறுமைக்கு ஒரு கோயில் கட்டினால், எங்கள் டெலிபோன் லைன்மேனைத்தான் மூலவராக உட்கார வைக்க வேண்டும். நடை சாத்திய பிறகும் எழுந்திருக்க மாட்டார் என்பது ஒன்றுதான் சிக்கல். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே ஓர் ஏலக்காய்க் கடையில் கிளார்க். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஊருக்கே அவர் 'ஒவ்வொண்ணா'.

கடை ஃபோன் செத்துவிட்டால் வருவார். ஒரே ஒரு திருகாணியைத் திருகுவார். அப்புறம் ஓரமாகக் குந்தி, ஒரு பீடியை முழுசாகக் குடித்து முடித்த பிறகுதான் ரிசீவரை எடுத்துப் பார்ப்பார்.

"ஏப்பா, பேட்டரியையும் சேத்து மாத்திவிட்டா சோலி வெரசா முடியும்ல?" என்று முதலாளி பறப்பார்.

"ரெண்டையும் மாத்துனா கோளாறு எதுலன்னு எப்பிடித் தெரியும் மொதலாளி? ஒவ்வொண்ணாத்தான் பாக்கணும்."

வீட்டிலும் இதே சட்டம்தான். வயிற்றுவலி வந்தால் கசாயத்தை மட்டும் குடித்துவிட்டு, அது கேட்கிறதா என்று பொழுது சாயும்வரை சுருண்டு கிடப்பார். மாத்திரை பக்கத்திலேயே இருக்கும். தொடமாட்டார். "இந்த மனுசனோட எப்பிடிக் குப்பை கொட்டுறது?" என்று அவர் சம்சாரம் குழாயடியில் புலம்பும்.

அந்த மனுஷர் கையில் என் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

பெண், மலைமேல் ஏல எஸ்டேட் கணக்கப்பிள்ளையின் மகள் மரகதம். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கப்பாவோ ஜாதகத்தை வைத்துக்கொண்டு முழித்தார். கணக்கப்பிள்ளை பொறுத்துப் பார்த்துவிட்டு, 'வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள் பதில் வராவிட்டால் தேவாரம் ஊர் மாப்பிள்ளைக்குத் தட்டு மாற்றிவிடுவோம்' என்று சொல்லியனுப்பினார். எங்கப்பா தலையாட்டியது அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம். மலைக்குப் போகிற ஜீப்பு கிளம்பிப் போய்விட்டது. சரி, ஃபோனில் சொல்லலாம் என்று எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினால், மலை லைன் செத்துக் கிடக்கிறது!

"பதறாத மாப்ளே. வா, ஒவ்வொண்ணாப் பாப்போம்" என்றார் அங்கே இருந்த 'ஒவ்வொண்ணா' அண்ணன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடிவாரத்து முந்தல் கிராமத்தைத் தாண்டி, மலையேறும் பாதையில் ஒரு மாந்தோப்புப் பக்கம் போய் நின்றார். அங்கே கோளாறு ஒன்றல்ல, மூன்று. இலவங்கிளை ஒன்று ஒடிந்து கம்பிமேல் கிடந்தது. கம்பியின் முடிச்சு துருப்பிடித்திருந்தது. இது போதாதென்று, பன்றி விரட்டத் தகர டப்பாக்களைக் கட்டுக்கம்பியில் கோர்த்து, தோப்புக் காவல்காரர் அதை டெலிபோன் கம்பியிலேயே மாட்டியிருந்தார்.

"சும்மாதானய்யா தொங்குது?" என்றார் காவல்காரர்.

அண்ணன் காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார். மூன்று கோளாறு, மூன்று பீடி. தேவாரத்தான் தாலியே கட்டிவிடுவான்! என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தார். மலைப்பக்கம் சாய்ந்த வெயிலைப் பார்த்தார். பீடியைத் திரும்பக் காதில் செருகினார். அப்புறம் சாமி வந்தவர் மாதிரி கிளையை இழுத்துத் தள்ளி, டப்பாக்களை அறுத்து, புது முடிச்சுப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு, கையோடு கொண்டுவந்த டெஸ்ட் ஃபோனை மாட்டினார். மணி போனது. என் கையில் திணித்தார்.

"மாமா, நாந்தேன்! போடியில இருந்து! எங்களுக்குச் சம்மதம்!"

"ஏன்யா இம்புட்டுச் சத்தம்?" என்றார் கணக்கப்பிள்ளை. "தேவாரத்துக்காரக இங்கனதான் காப்பி குடிச்சுக்கிட்டிருக்காக. அவுக காதுலயும் விழுந்துபோச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "விழட்டும். ஆவணியில வச்சுக்குவோம்."

நான் குதித்தேன். அண்ணன் மட்டும் முகம் தொங்கிப்போய் மலைப்பாதையில் இறங்கி வந்தார்.

கல்யாணத்தன்று மேடையேறி எங்களுக்குத் திருநீறு பூசியவர், என் காதோரம் குனிந்தார்.

"மாப்ளே, கிளையா, டப்பாவா, முடிச்சா? எதுலடா கோளாறு? ராத்திரி தூக்கமே வரலடா."

ரிட்டையர் ஆகிறவரை பார்க்கும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளைகுட்டிகளோடு மரகதம் பக்கத்தில் நிற்பாள். அவளைப் பார்த்ததும், "சரி விடு, எதுவா இருந்தா என்ன" என்று அவரே சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.