அத்தையின் காலும் மாப்பிள்ளையின் வாயும்

உடம்பு ஒருவருடையது, வாய் மட்டும் தன்னுடையது என்று வாழும் ஓர் இனம் உண்டு; நீங்களும் பார்த்திருப்பீர்கள். டாக்டர் நோயாளியைப் பார்த்துத்தான் கேட்பார். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். வலிப்பது யாருக்கு? அதெல்லாம் சில்லறை விஷயம். 'துணைக்கு வந்தவர்' என்று இவர்களுக்குப் பெயர் வைத்தவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முன்பெல்லாம் இவர்கள் மருத்துவமனை வரிசைகளில் மட்டுமே மேய்ந்தார்கள். இப்போது அறிவியல் இவர்களுக்கு மேடையே போட்டுக் கொடுத்துவிட்டது. நடுவில் ஒரு நாற்காலி, சுற்றிலும் எட்டு கேமரா. உட்கார்ந்தவரின் உருவம் எங்கோ தூரத்து நகரத்தில் இருக்கும் பெரிய டாக்டரின் முன்னால் முழுசாக எழும்பும். அவர் அதைப் பொம்மைபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். முப்பரிமாணமாம்.

அத்தைக்குச் சர்க்கரை. இடது பெருவிரலுக்கு அடியில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை. வலித்தால்கூடப் பரவாயில்லை, வலிக்கவே இல்லை என்பதுதான் அவள் பயம். அவளுடைய அக்காவுக்கும் இப்படி வலிக்காமல் ஆரம்பித்துத்தான் முழங்காலோடு போயிற்று. டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டுமென்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாவம், தன் வாய் தன்னிடம்தான் இருக்கிறது என்று நம்பினாள்.

துணைக்கு வந்த மாப்பிள்ளையின் கவலை வேறு.

"எட்டு கேமரா அத்தை! கால் பளிச்சுனு இருக்க வேணாமா? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

வெளியறையிலேயே கட்டைப் பிரித்து, துடைத்து, புண்ணுக்குள்ளும் சுற்றிலும் முகப்பவுடரை ஒத்தி ஒத்தி, மேடு பள்ளம் தெரியாமல் பூசிவிட்டார். கால் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காரப் போகிறது என்ற நினைப்பு.

"சொல்லுங்கம்மா, எங்க வலி?" என்றார் திரையில் தோன்றிய டாக்டரம்மா.

அத்தை வாயைத் திறந்தாள்.

"வலியே கிடையாது டாக்டர்!" என்றார் மாப்பிள்ளை.

"மரத்துப்போன மாதிரி இருக்காம்மா?"

"சேச்சே, ஜோரா நடக்கிறாங்க. டாக்டர், அங்க எப்படித் தெரியுது? பக்கவாட்டுலகூடத் தெளிவா இருக்கா?"

"எனக்கு நாலு கால் தெரியுது. ரெண்டுல ஷூ இருக்கு."

நர்ஸ் தரையிலிருந்த மஞ்சள் கோட்டைக் காட்டினாள். "சார், வெளிய நில்லுங்க."

ஓரடி பின்வாங்கினார். அடுத்த கேள்விக்கு இரண்டடி முன்னேறினார்.

டாக்டரம்மா அந்தக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளுப்பாக, வழவழப்பாக, குறை சொல்ல முடியாத கால்.

"ஆறிட்ட மாதிரிதான் இருக்கு. ஒரு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

"நான்தான் சொன்னேனே!"

ஒரு மாதமா? புண் கறுத்த பிறகு அக்காவின் கால் போகப் பதினெட்டு நாள்தான் பிடித்தது. அத்தை பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். காலை இழுத்து மடிமேல் போட்டு, தண்ணீரைக் கவிழ்த்து, கைக்குட்டையால் தேய்த்தாள். பவுடர் பாலாக வழிந்தது. அடியில், கறுத்த விளிம்போடு ஒரு குழி.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வாயை மூடுங்க," என்றாள். பதினொரு வருடத்தில் முதல் தடவை. பிறகு திரையைப் பார்த்து, "வலிக்கலம்மா. அதான் பயமே. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றாள்.

டாக்டரம்மா எழுந்தே விட்டார். "இப்பவே அங்க அட்மிட் பண்ணுங்க. விரலைக் காப்பாத்தலாம். நாளைக்குன்னா என்னால சொல்ல முடியாது."

நர்ஸ் சக்கர நாற்காலிக்கு ஓடினாள். மாப்பிள்ளை? முகமெல்லாம் மலர்ந்து திரைப்பக்கம் குனிந்தார்.

"குழியோட ஆழம்கூடத் தெரியுதில்ல டாக்டர்? அடடா, என்ன டெக்னாலஜி!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கடைசியாக உங்கள் வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனபோது, "எத்தனை நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டாரே, பதில் சொன்னது யார்? நோயாளிதான் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள், அவரையே கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை உங்களால் சும்மா இருக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.